கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-இல்தான் தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு இம்முறை 2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. அதற்கு முன்பாகவே எங்கள் தருமபுரி மறைமாவட்டத்துப் பங்குகளில் டிசம்பர் மாத நிகழ்ச்சி நிரல் தயாராகிவிடும். கேரல்ஸ் குழு எந்த இரவு எந்த அன்பியத்துக்கு (பங்கிலுள்ள அண்டை வீட்டுக் குடும்பங்களின் சிறு குழு) செல்லும், குடில் போட்டிக்கு நடுவர்கள் எப்போது வருவார்கள், இளையோர் கலைவிழா எந்த ஞாயிறு என்பதெல்லாம் அதில் முடிவாகிவிடும். அந்த நிரல் அச்சுக்குப் போகும் முன், பங்குத்தந்தையர், பங்குப் பேரவையினர், அன்பியப் பொறுப்பாளர்கள், எல்லாருக்கும் மேலாகக் குடும்பத்தினர் ஆகியோரின் பார்வைக்குச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்புகிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை இன்றும் எடுத்து வருகிறேன். என் பிள்ளைகள் இருவரும் பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருவில் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரணங்கள் இம்மூன்றும்தான்.

நான் சொல்ல வருவது இது: நாம் காத்திருக்க வேண்டிய நான்கு வாரங்களில் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாட வேண்டிய நாள்கள் தொடங்கும்போது பந்தலைப் பிரித்துவிடுகிறோம். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒலிபெருக்கியில் பிறப்புப் பாடல்கள் ஒலிக்கின்றன. இரண்டாம் ஞாயிறு கலைவிழா நடக்கிறது. மூன்றாம் ஞாயிறு குடில் போட்டிக்குப் பரிசளிப்பும் முடிகிறது. டிசம்பர் 25 மாலைக்குள் கோயில் வளாகம் வெறிச்சோடிப் போகிறது; 26-ஆம் நாள் காலை நட்சத்திரத்தை இறக்குவதற்கு ஏணி தேடுகிறார்கள். மணமக்கள் மேடைக்கு வரும் முன்பே பந்தி முடிந்து இலை எடுத்துவிட்ட கல்யாணத்தைப் போல் இருக்கிறது நம் பண்டிகை.

வழிபாட்டு முறைமை இதற்கு நேர் எதிரானது என்பதை மறைக்கல்வி பயின்ற எவரும் அறிவர். புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகும். இவ்வாண்டு அந்த நாளே ஞாயிறாக அமைந்துவிட்டது. அன்று முதல் குருவானவரின் உடை ஊதா நிறம். மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிற்றில் மட்டும் ரோசா நிறம் அனுமதிக்கப்படுகிறது. ஞாயிறு திருப்பலிகளில், “உன்னதங்களிலே” என்று தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. டிசம்பர் 8-ஆம் நாள் மரியாவின் அமல உற்பவப் பெருவிழா இதற்கு விலக்கு. பீடத்தின் பூ அலங்காரமும் இசைக்கருவிகளின் ஒலியும் அளவோடு இருக்க வேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் காரணத்தோடு கூறுகின்றன. ஓசூர் ரோஜாவும் ராயக்கோட்டைச் சாமந்தியும் விளையும் மண்ணில் இருந்துகொண்டு பூவைக் குறையுங்கள் என்று எழுதுவது எனக்கே சற்று நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு வாரம் பூவின்றி இருந்த பீடத்தில், 24-ஆம் நாள் இரவு ஒரே நேரத்தில் அத்தனை பூவும் ஏறும்போது, கோயிலுக்குள் நுழையும் சிறு குழந்தைக்குக்கூட விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இதை வழிபாட்டு ஒழுங்கு பற்றிய வாதமாக மட்டும் நான் முன்வைக்கவில்லை. ஒழுங்கு மீறப்படுவதால் நம் மாவட்டங்களில் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய பங்குகளானாலும், சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் உருவான பிறகு வளர்ந்த பங்குகளானாலும், இளம் குடும்பங்களில் கணிசமானவை ஊரில் இல்லை. பெங்களூருவில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் வேலை, ஓசூரில் ஷிப்டு வேலை என்று சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் ஊர் வந்து சேர்வது 24-ஆம் நாள் இரவு. நின்றுகொண்டே பயணம் செய்து, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலோ தொப்பூர் பிரிவிலோ இறங்கி, உள்ளூருக்கு வண்டி தேடி, பையை வீட்டில் போட்டுவிட்டு நேராகப் பூசைக்கு வருகிறார்கள். அப்போது குடில் போட்டி முடிந்திருக்கும். தம் பிள்ளை ஆடிய நடனத்தைத் தாத்தாவின் கைப்பேசியில் காணொலியாகப் பார்ப்பார்கள். கேரல்ஸ் குழு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது வீட்டில் இருந்தது பாட்டி மட்டும்தான். மறுநாள் ஒருவேளை விருந்து; மாலையில் மீண்டும் பேருந்து. பங்கின் ஒரு மாதக் கொண்டாட்டத்தில், யாருக்காகக் கொண்டாட வேண்டுமோ அவர்களுக்கு மிஞ்சுவது ஓர் இரவும் ஒரு பகலும்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்காவது இந்தக் காலம் உகந்ததா என்றால், அதுவும் இல்லை. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் முடிகிறது. மாதம் முழுவதும் இரவில் கேரல்ஸ், மாலையில் நடன ஒத்திகை, காலையில் தேர்வு என்று ஓடும் மாணவர்களை வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்த்தவள் நான். விடைத்தாளின் மேல் தலை வைத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பி, “கேரல்ஸா?” என்று கேட்டால் வெட்கத்தோடு தலையாட்டும். அதே பிள்ளைகள் 26-ஆம் நாள் முதல் புத்தாண்டு கடக்கும் வரை விடுமுறையில் செய்வதறியாமல் தெருவில் திரிகிறார்கள். கலைவிழாவையும் விளையாட்டுப் போட்டியையும் அந்த வாரத்துக்கு நகர்த்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

கேரல்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழிபாடே டிசம்பர் 17 முதல் திசை மாறுகிறது. அதுவரை இறுதி வருகையையும் திருமுழுக்கு யோவானையும் பற்றிப் பேசிய வாசகங்கள், அன்று முதல் பிறப்பை நெருங்கிச் செல்கின்றன. மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன், “ஓ” என்று மெசியாவை அழைக்கும் பழம்பெரும் முன்மொழிகள் 17 முதல் 23 வரை நாளுக்கொன்றாகப் பாடப்படுகின்றன. ஆகவே வீடு சந்திப்பும் 17-இல் தொடங்குவது பொருத்தமானது. மார்கழி பிறந்து, எதிர்த்தெருவில் விடியற்காலை பஜனை தொடங்கும் நேரமும் அதுதான். பாடிக்கொண்டு தெருவில் வருபவர்களை நம் ஊர் புதிதாகப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பஜனைக் குழுவினர் கையில் தாளத்தோடு நடந்து வருகிறார்கள். நம் குழுவோ குட்டி யானை வண்டியில் ஆளுயர ஒலிபெருக்கியை ஏற்றிக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் தெருவை அதிர வைக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பிற சமயத்து அண்டை வீட்டார் நம்மிடம் காட்டும் கண்ணோட்டத்தால் புகார் கொடுக்காமல் இருக்கிறார்கள் என்பதற்காக, அந்தத் தெருவில் யாருக்கும் தேர்வில்லை, யாருக்கும் நோயில்லை என்று ஆகிவிடாது.

வீடு சந்திப்பின் உள்ளடக்கத்தையும் மாற்றலாம். வாசலில் இரண்டு பாட்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஆட்டம், மிட்டாய், நன்கொடைச் சீட்டு, அடுத்த வீடு என்பதுதான் இன்றைய வழக்கம். சில குழுக்கள் பாலன் சுரூபத்தையும் தட்டில் எடுத்து வருகின்றன. பிறக்கும் முன்பே பாலனைத் தெருத்தெருவாகக் கொண்டு போவது எந்தக் கணக்கிலும் சேராது. மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள், மரியாவும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை நினைவுகூர்ந்து, மக்கள் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பாடி இடம் கேட்கும் வழக்கம் உண்டு. முதல் கதவுகள் மறுத்து, இறுதியில் ஒரு வீடு திறக்கும். நம் அன்பியங்களுக்கென்றே வகுத்தது போன்ற வழக்கம் இது. மரியா, யோசேப்பு சுரூபங்கள் மட்டும் ஓர் இரவு ஒரு வீட்டில் தங்கட்டும். அந்த வீட்டில் செபமாலையின் ஒரு பத்துமணி, அன்றைய நற்செய்தி, குடிக்க ஒரு சுக்குக் காபி போதும். மறுநாள் அடுத்த வீட்டார் வந்து அழைத்துப் போகட்டும். இதற்கு ஜெனரேட்டரும் வேண்டாம், வண்டி வாடகையும் வேண்டாம். திரட்டும் காணிக்கை எதற்கு, எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்பதை ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசித்துவிட்டால், ஆண்டுதோறும் எழும் முணுமுணுப்பும் அடங்கும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவை அடியோடு விரட்ட வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு நான் கடுமையானவள் அல்ல. அவருக்கு மூலமான மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாசின் திருநாள் டிசம்பர் 6. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வேண்டுமானால் அந்த நாளில், ஊரின் ஏழைப் பிள்ளைகளுக்குச் செருப்போ சுவெட்டரோ கொடுக்கலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து டிசம்பர் குளிர் என்னவென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். திருவருகைக் காலம் உண்மையில் வீட்டில் வாழ வேண்டிய காலம். கோயில் அதைத் தொடங்கி வைக்க மட்டுமே முடியும். நான்கு மெழுகுதிரிகளைப் பச்சை இலை வளையத்தில் நட்டு வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் வழக்கம் இப்போது நம் கோயில்களில் பரவிவிட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் யோகான் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், தாம் நடத்திய ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில், பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டார். கத்தோலிக்கர் அதை ஏற்றுக்கொண்டது பிற்பாடு, இருபதாம் நூற்றாண்டில். பிள்ளைகளுக்காக, இருந்த பொருளைக் கொண்டு செய்யப்பட்ட ஒன்றை நாம் இன்று பிளாஸ்டிக் இலையோடு கடையில் விலைக்கு வாங்குகிறோம். கார்த்திகை தீபத்துக்காக எல்லாக் கடைவீதிகளிலும் அகல் விளக்குகள் குவிந்திருக்கும் மாதம் இது. ஒரு பித்தளைத் தட்டு, நான்கு அகல், சுற்றிலும் மாவிலை போதும். மாவிலைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பஞ்சமில்லை.

வெளியூரில் இருப்பவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள முடியும். எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு உணவுக்கு முன், பெங்களூருவில் இருக்கும் பிள்ளைகளைக் கைப்பேசியில் அழைத்து, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அந்த வாரத்து விளக்கை ஏற்றுகிறோம். பேத்தி அங்கே நற்செய்தியை வாசிப்பாள். ஒரு “பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே” சொல்லி முடிப்போம். தொடர்பு விட்டுப் போகும், பக்கத்து அறையில் தொலைக்காட்சி அலறும், சின்னவன் விளக்கை ஊதி அணைத்துவிடுவான், ஆனாலும் நடக்கிறது. இந்த ஆண்டு நான்காம் ஞாயிற்றின் நற்செய்தி, யோசேப்பின் கனவைச் சொல்லும் மத்தேயுவின் பகுதி. ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு தச்சர் ஒருவரின் குடும்பக் கவலையைப் பற்றி வாசிப்பவர்களுக்கு, மறையுரை சொல்ல நான் தேவையில்லை.

குடில் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் முதல் குடிலை அமைத்தபோது சுரூபங்களை நம்பியிருக்கவில்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, தீப்பந்தங்களோடு மலையேறி வந்த ஊர் மக்கள், அந்தத் தொட்டியின் மேல் ஒரு திருப்பலி; அவ்வளவுதான். நம் கிராமங்களில் இவை அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, குடில் போட்டியில் முதல் பரிசு தெர்மாகோல் மலைக்கும், தானாகச் சுற்றும் சீரியல் விளக்குக்கும், மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சிக்கும் போகிறது. நடுவர்களாக வருபவர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: விலைக்கு வாங்கிய பொருளுக்கு மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மறு ஆண்டே போட்டியின் முகம் மாறிவிடும்.

பழைய குடும்பங்களில் குடிலுக்குப் பயிர் வளர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது ராகி. ஒரு பிடி ராகியை இரவு ஊற வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும், மணலும் பொடித்த எருவும் கலந்து பரப்பிய பழைய ஈயத் தட்டிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ தூவுவோம். மேலே ஈரச் சாக்கு. தண்ணீரை ஊற்றக் கூடாது. கையால் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். காலை எழுந்ததும் பிள்ளைகள் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, சாக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதலில் வெள்ளை நூல் போலத் தெரியும். சாக்கை எடுத்துத் திண்ணை வெளிச்சத்தில் வைத்ததும் ஒரே நாளில் பச்சை ஏறும். டிசம்பர் முதல் வாரத்தில் அவசரப்பட்டு விதைத்தால் பண்டிகைக்குள் பழுத்துச் சாய்ந்துவிடும். மூன்றாம் ஞாயிறு, அதாவது இவ்வாண்டு டிசம்பர் 14 அன்று விதைத்தால், பிறப்பு இரவில் இடையர்களின் ஆடுகள் நிற்பதற்கு அளவான புல்லாக இருக்கும். குடிலின் கூரைக்கு வைக்கோல். பாறைக்குக் கஞ்சியும் கரித்தூளும் பூசிக் கசக்கிய சிமெண்டுக் காகிதம்.

தீவனத் தொட்டியை மட்டும் 24-ஆம் நாள் இரவு வரை காலியாக வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் தாங்கள் செய்த ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் இழையை அதில் போடும் வழக்கம் பல நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் உண்டு. மறைக்கல்வி மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரு பையன் மறுநாளே ஒரு கட்டு வைக்கோலோடு வந்து நின்றான். அவ்வளவு நற்செயலா என்று கேட்டதற்கு, “அட்வான்ஸ், டீச்சர்” என்றான். மூன்று ஞானிகளை முதல் நாளே குடிலுக்குள் நிறுத்திவிடாமல், அலமாரியின் கோடியில் வைத்து நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்தி வருவதும் நல்ல பழக்கம். அவர்கள் வந்து சேர வேண்டிய நாள் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

24-ஆம் நாள் பகலில் புலால் சமைப்பதில்லை என்பது என் மாமியார் காலத்து வழக்கம். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி பிறப்பு விழாவின் முந்தைய நாள் நோன்பு நாளாகவும் புலால் தவிர்க்கும் நாளாகவும் இருந்தது; இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லையென்றாலும் விட்டுவிட மனம் வராத வழக்கம் இது, ஏனென்றால் அன்றைய சமையல் அப்படி. அவரைக்காய்ப் பருவம், கொட்டையை முந்தைய நாள் ஊற வைத்து, வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து தோலைப் பிதுக்கி எடுப்போம். பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் அன்றைய சாப்பாடு. அதிரசம், முறுக்கு, கல்கல் எல்லாம் சுட்டு அடுக்கித் தூக்குப்போணியில் மூடியிருக்கும். பூசை முடிந்து வரும் வரை பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. ஓசூர்ப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசிக் கோயிலில் தமிழில் செபிக்கும் உறவினர் எங்களுக்கு உண்டு. பலகாரத்தின் பெயர் மாறுமே தவிர, இந்தக் காவல் அங்கும் இதேதான். மறுநாள் காலை அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குத் தட்டு போன பிறகே எங்கள் வீட்டில் பந்தி.

இரவுத் திருப்பலியின் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளைக் கிராமங்களிலிருந்து நடந்தும், பின்னிருக்கையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இருசக்கர வாகனத்திலும் வருபவர்களுக்கு நள்ளிரவுக்குப் பின் திரும்பிப் போவது, குறிப்பாகக் காட்டோரச் சாலைகளில், எளிதன்று. உரோமையிலேயே திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் இரவுத் திருப்பலியை 10 மணிக்கு மாற்றினார். பூசை இரவில் இருக்க வேண்டும் என்பதே முறைமை; கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தாக வேண்டும் என்பதில்லை. அது போலவே, பாவசங்கீர்த்தனத்துக்கு 24 மாலை மட்டும் வந்து சேரக்கூடியவர்களுக்காக, திருப்பலிக்கு முன் ஒரு மணி நேரமேனும் ஒரு குருவானவர் அமர ஏற்பாடு செய்தால் நன்று.

இப்போது பண்டிகை தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பின் எண்கிழமை டிசம்பர் 25 முதல் சனவரி 1-ஆம் நாள், இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா வரை நீள்கிறது. அந்த எட்டு நாளும் வானவர் கீதம் உண்டு. முதல் மறைச்சாட்சியான ஸ்தேவானுக்கு 26. நற்செய்தியாளர் யோவானுக்கு 27. இவ்வாண்டு பிறப்பு விழா வியாழக்கிழமை வருவதால், வெள்ளி, சனி என இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் 28-ஆம் நாள் ஞாயிறு வரை ஊரில் இருக்கலாம். அந்த ஞாயிறு திருக்குடும்ப விழா. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற கருத்தோடு நடைபெறும் 2025 யூபிலி ஆண்டு உலகெங்கும் உள்ள மறைமாவட்டங்களில் நிறைவடையும் நாளும் அதுவே. அன்று வாசிக்கப்படும் நற்செய்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பம் பிழைப்பும் பாதுகாப்பும் தேடி அந்நிய மண்ணில் தங்கி, பின் திரும்பி வரும் பகுதி. நம் மாவட்டத்துப் பெற்றோர் யாருக்காவது சொந்தமான நற்செய்தி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அது வாசிக்கப்படும் வேளையில் அந்தப் பெற்றோர் பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் நிற்கிறார்கள். கோயிலில் நாங்கள் கிழவர்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை, கலைவிழாவையும் பங்கு விருந்தையும் குடில் போட்டிப் பரிசளிப்பையும் 26, 27, 28 ஆகிய நாள்களுக்குக் கொண்டு செல்லுங்கள் என்பதே. 28-ஆம் நாள் திருப்பலியில், வெளியூரில் வேலை செய்யும் தம்பதியரைப் பீடத்தின் முன் அழைத்துத் திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கச் செய்து ஆசீர்வதியுங்கள். ஊரில் தங்குவதற்கு ஒரு காரணம் இருந்தால் தங்குவார்கள்; அன்றுவரை தங்க முடியாத தினக்கூலிக்காரர்களுக்குக்கூட 25 மாலை கலைவிழா இருக்குமானால் மறுநாள் விடியற்காலைப் பேருந்தாவது ஆகும். தை பிறந்தால் மறுபடியும் வரத்தானே போகிறார்கள் என்று ஒரு பேரவை உறுப்பினர் என்னிடம் சொன்னார். பொங்கலுக்கு வருவது உண்மை. அதற்குள் கிறிஸ்து பிறப்புக் காலம் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை.

அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதில்தான் நம் வீடுகளில் பெருங்குழப்பம். இந்தியாவில் திருக்காட்சிப் பெருவிழா, பெரியவர்கள் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று சொல்வது, ஞாயிற்றுக்கிழமை கொண்டாடப்படுகிறது. வரும் 2026-இல் அது சனவரி 4. அலமாரிக் கோடியிலிருந்து புறப்பட்ட ஞானிகள் அன்றுதான் குடிலை அடைய வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு, சனவரி 11, ஆண்டவரின் திருமுழுக்கு விழா. அதோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவு பெறுகிறது. குடிலையும் நட்சத்திரத்தையும் அதுவரை எடுக்கக் கூடாது. புத்தாண்டு இரவு நன்றி வழிபாட்டுக்கு வரும் கூட்டம் குடிலின் முன் நின்று செபிக்கட்டும். ராகிப் பயிர் அதுவரை தாங்காதே என்று கேட்கலாம். 27-ஆம் நாள் ஒரு தட்டு புதிதாக விதைத்தால், ஞானிகளின் ஒட்டகங்களுக்கும் மேய்ச்சல் கிடைத்துவிடும். பழைய பயிர் ஆட்டுக்கு.

பள்ளிகளும் அலுவலகங்களும் கடைகளும் டிசம்பர் நடுவிலேயே கேக் வெட்டத்தான் செய்யும். அவர்களைத் திருத்துவது நம் வேலையன்று, அழைத்தால் போய் மகிழ்ச்சியோடு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம். இளைஞர்களின் உற்சாகத்தைக் கெடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் என் மேல் வரும். உற்சாகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்கிறேன், அவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் ஊரில் இருக்கும் நாளுக்கு.

இறுதியாக, ஆசிரியர் அவர்களுக்கே ஒரு விண்ணப்பம். தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் டிசம்பர் 25 காலையில் குடில்களின் வண்ணப்படங்களையும் ஆயரின் வாழ்த்துச் செய்தியையும் சிறப்பாக வெளியிடுகின்றன. 26-ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலியின் படம் ஒன்று வருகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கங்களில் டிசம்பர் 26 முதல் சனவரி 11 வரை “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதியில் பங்குகளின் அறிவிப்புகளுக்குச் சிறிது இடம் ஒதுக்கினால், நிகழ்ச்சியை அந்த நாள்களுக்கு மாற்றத் துணியும் பங்குத்தந்தையருக்கு அது பேருதவியாக இருக்கும். பேருந்து நிலையத்தில் நாளிதழைப் புரட்டும் ஒருவர், சீட்டு எடுக்கும் முன் ஒருமுறை யோசிக்கவும் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.